மைசூருக்குக் கல் தேய்க்கப் போனோம்

மைசூர் என்றதும் என் நாத்தனார் நந்தினி ஒரு பட்டியல் போட்டாள்: அரண்மனை, சாமுண்டி மலை, பட்டுப்புடவைக் கடை, மசால் தோசை. நானும் ஒரு பட்டியல் போட்டேன். வெப்பமானி, காய்ச்சல் மருந்து, வெந்நீருக்கு இரண்டு ஃபிளாஸ்க், குழந்தைக்குப் பதினொரு மாற்றுத்துணி, மூன்று கற்கள்.

கற்களைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் நிலவியலில் பகுதிநேர ஆய்வு மாணவி. காங்கேயம் பக்கம் எங்கள் ஊரைச் சுற்றி நெஃபலின் என்ற கனிமம் கொண்ட பாறைகள் உண்டு. பூமியின் ஆழத்திலிருந்து மேலே வரும் பாறைக்குழம்பில் சோடியமும் பொட்டாசியமும் நிறைய இருந்து, சிலிக்கா மட்டும் போதாமல் போனால் இவை உருவாகும். கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள், சிலிக்காதான் சோறு. எல்லோருக்கும் பரிமாறிய பிறகும் மிஞ்சும் சோறுதான் குவார்ட்ஸ். பற்றாமல் அரை வயிறோடு எழுந்தவர்தான் நெஃபலின். அதனால் நெஃபலின் இருக்கும் பாறையில் குவார்ட்ஸ் இருக்காது. இரண்டும் ஒரே பந்தியில் உட்காருவதில்லை.

நிறைமாதத்துக்குச் சற்று முன்னால், உறவினர் தோட்டத்தில் ஆழப்படுத்திய கிணற்றிலிருந்து வெளியே கொட்டிய கல்லில் இந்த மூன்றையும் பொறுக்கினேன். வரைபடத்தின்படி அந்த இடத்தில் நெஃபலின் பாறை இருக்கக் கூடாது. இருந்தால் என் ஆய்வேட்டில் ஒரு புது அத்தியாயம். மேலே வெயில் மழையில் கிடக்கும் நெஃபலின் கரைந்து குழிகுழியாக இருக்கும், எளிதில் தெரிந்துவிடும். இது கிணற்றடிக் கல், குழி கிடையாது. எண்ணெய் தடவினாற்போல் ஒரு மினுமினுப்பு மட்டும். குவார்ட்ஸும் சில சமயம் அப்படித்தான் மினுக்கும். அமிலத்தில் பொடியைப் போட்டுப் பார்த்தேன், நெஃபலினுக்கு வருவதைப் போலப் பாகாக வந்தது. கல்லூரி அமில பாட்டிலின் வயதைக் கேட்ட என் வழிகாட்டி அதை நம்பவில்லை. ஒரு வாரம் கழித்து நானும் நம்பவில்லை.

பிரசவம், விடுப்பு, குழந்தை என்று காலம் ஓடிவிட்டது. பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி நீட்டிப்பும் முடியப் போகிறது. புதன்கிழமை ஆய்வுக் குழுக் கூட்டம். அதற்குள் கல்லைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து, நுண்ணோக்கியில் பார்த்து, நெஃபலின் என்று காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அத்தியாயம் இல்லை. அத்தியாயம் இல்லாவிட்டால், "கொழந்தை கொஞ்சம் பெருசாகட்டும்மா, அப்பறம் பாத்துக்கலாம்" என்றார் என் வழிகாட்டி சார். அந்த அப்பறம் வராது என்று இரண்டு பேருக்குமே தெரியும். கிணற்றிலோ இப்போது தண்ணீர் நிற்கிறது, சுற்றிலும் கான்கிரீட் சுவர். வேறு கல் எடுக்க வழியில்லை.

எங்கள் துறையில் தேய்க்கும் இயந்திரம் பழுது. மைசூரில் ரேவதி என்பவர் வீட்டுக் கொட்டகையில் பட்டறை வைத்திருக்கிறார், மூன்று நாளில் கொடுத்துவிடுவார் என்று தோழி சொன்னாள். கணவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நந்தினிக்குக் கல்லூரி விடுமுறை. குழந்தை இனியாவைப் பார்த்துக்கொள்ள அவள் வருகிறாள் என்பது ஏற்பாடு. மைசூரைப் பார்க்க அவள் வருகிறாள் என்பது உண்மை.

முதல் நாள் மலைப்பாதை முடிந்து காட்டுக்குள் ஒரு சரிவில் பஸ் பஞ்சர் ஆனது. புலிகள் காப்பகம், யாரும் இறங்கக் கூடாது என்றார் நடத்துநர். சக்கரம் உருளாமல் இருக்க அண்டை கொடுக்கும் கட்டையைக் காணோம். சாலையோரத்தில் புல்தான் இருந்தது, கல்லுக்குக் காட்டுக்குள் போக வேண்டும். ஓட்டுநரும் நடத்துநரும் கன்னடத்தில் ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தபோது என் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஏனுங்க, எங்க அண்ணி பையில மூணு கல்லு இருக்குதுங்க."

நடத்துநர் பையை எட்டிப் பார்த்தார். கல்லைக் கட்டிக்கொண்டு ஊர்ப்பயணம் போகிறவர்களை இன்றுதான் பார்க்கிறேன் என்று பின்வரிசைக் கிழவரிடம் கன்னடத்தில் சொன்னார். எனக்கு அது ஓரளவு புரியும். அந்த அம்மாவின் வேண்டுதலாக இருக்கும் என்றார் கிழவர். இரண்டாம் எண் கல் கைமாறி இறங்கிப் போயிற்று. சக்கரம் மாற்றி முடிக்கும்வரை எல்லோரும் புலி வரக்கூடாதே என்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பாறை விரிசல் விடக்கூடாதே என்று கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். கல் பத்திரமாகத் திரும்பியது, ஒரு பக்கம் கறுப்பாக. குறிப்பேட்டில் "மாதிரி எண் இரண்டு, மேற்பரப்பில் டயர் ரப்பர்" என்று எழுதிக்கொண்டேன். எழுதாமல் விட்டால் பிறகு அதுவே ஒரு சந்தேகமாக வளரும். என்னை எனக்குத் தெரியும்.

மைசூர் எங்கள் ஊரைவிடக் குளிராக இருந்தது. இனியாவுக்கு மூக்கு ஒழுகத் தொடங்கியது. இரவுச் சாப்பாட்டில் சாம்பார் இனித்தது. வெல்லம் போட்டு யாரைக் கெடுக்கிறார்கள் என்று நந்தினி முகம் சுளித்துவிட்டு இரண்டு முறை வாங்கி ஊற்றிக்கொண்டாள்.

இரண்டாம் நாள் காலை ரேவதி வீட்டைக் கண்டுபிடித்தோம். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு நீளமான தெரு. நான் எதிர்பார்த்தது கறுத்து மெலிந்த ஒரு பட்டறைக்காரியை. கதவைத் திறந்தவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும், நைட்டிமேல் ரப்பர் முன்கட்டு, காதில் வைரத்தோடு. தாத்தா காலத்தில் ரயில்வே வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பம். ஒரு ஆய்வகத்தில் பல வருடம் கல் வெட்டிவிட்டு, இப்போது சொந்தமாகச் செய்கிறார்.

"உள்ள வாங்க மேடம். மகு மட்டும் கொட்டகைக்கு பேடா" என்றார். மகு என்றால் குழந்தை, பேடா என்றால் வேண்டாம். அதை நானும் சொல்லவிருந்தேன். கொட்டகையில் வைர ரம்பம் சுழன்றது. மேசையில் கல் தேய்க்கும் கார்போரண்டம் பொடி சாம்பல் நிறத்தில் படிந்திருந்தது. அந்தத் தூசி இனியாவின் நுரையீரலுக்குள் போவதை நான் தெருமுனையிலேயே கற்பனை செய்து முடித்திருந்தேன்.

ரேவதி வேலை செய்வது பார்க்க அழகு. கல்லை ஓட்டுப்பில்லை அளவுக்கு அறுத்து, ஒரு முகத்தை வழவழப்பாக்கி, கண்ணாடித் தகட்டில் ஒட்டினார். பிறகு மறுமுகத்தைத் தேய்க்கத் தொடங்கினார். தலைமுடியைவிட மெல்லியதாக, ஒரு மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்குக்கு வரவேண்டும். அதை எந்தக் கருவியாலும் அவர் அளக்கவில்லை. அவ்வப்போது தகட்டைக் கழுவி நுண்ணோக்கியில் வைத்து நிறத்தைப் பார்த்தார். இரண்டு ஒளி வடிகட்டிகளுக்கு நடுவே வைத்தால், கல்லின் கனத்துக்கு, அதாவது தடிமனுக்கு, ஏற்பக் கனிமங்களின் நிறம் மாறும். குவார்ட்ஸ் கனமாக இருந்தால் மஞ்சள். சரியான கனத்துக்கு வந்ததும் சாம்பல் கலந்த வெள்ளை. எல்லாப் பட்டறையிலும் இதுதான் முறை.

"நம்மூர் கல்லுல குவார்ட்ஸ் இல்லாத கல்லு உண்டா மேடம்? அதுதான் என் தராசு. அஷ்டே" என்றார். அவ்வளவுதான் என்கிறார்.

எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. இனியாவுக்குப் பால் கொடுக்கும் நேரமாகியிருந்தது.

மதியம் ஒரு மெஸ்ஸில் ராகி முத்தே என்று உருண்டையாகக் கொண்டுவந்து வைத்தார்கள். எங்கள் ஊர்க் களிதான், சற்று இறுக்கம். வீட்டில் எதைக் கொடுத்தாலும் துப்பும் இனியா அதை விரல் விரலாகப் பிய்த்து விழுங்கினாள். எனக்குச் சந்தோஷம் அரை நிமிடம் நீடித்தது. பிறகு தொண்டையில் சிக்குமோ, இந்தத் தண்ணீர் கொதித்ததோ என்று ஆரம்பித்தேன். பக்கத்து இலையிலிருந்த பெண், என் அரைகுறைக் கன்னடத்துக்குப் பிடிபடாத வேகத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். என்ன என்று பரிமாறுபவரிடம் கேட்டேன். குழந்தை சாப்பிடுகிறாள், அம்மாதான் மென்றுகொண்டிருக்கிறாள் என்றாளாம்.

மூன்றாம் நாள் காலை முதல் இரண்டு தகடுகள் தயார். குழந்தையை நந்தினியிடம் கொடுத்துவிட்டு நுண்ணோக்கி முன் உட்கார்ந்தேன். கறுப்புக் கனிமங்கள் ஒளியே விடாமல் அடைத்துக்கொண்டு நின்றன. ஃபெல்ஸ்பார் பளிச்சென்ற மஞ்சளில் இருந்தது. நடுவில், நான் நெஃபலின் என்று நம்பிய மணிகள், சாம்பல் கலந்த வெள்ளையில்.

ரேவதியும் குனிந்து நுண்ணோக்கியில் ஒரு முறை பார்த்தார். "நோடி மேடம், பாருங்க, குவார்ட்ஸ் என்ன பளிச்சுனு வந்திருக்கு."

குவார்ட்ஸ். இருபது வருடம் கல் தேய்த்தவர் சொல்கிறார். சரியான கனத்தில் குவார்ட்ஸ் எந்த நிறத்தில் இருக்குமோ அதே நிறம். என் கண்ணுக்கும் அப்படியே தெரிந்தது. பிரசவத்துக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை என்று நான் செய்துவைத்த அமிலச் சோதனையை, அதில் பாகாக வந்ததை, ஒரே வாக்கியத்தில் விட்டுக்கொடுத்தேன். "ஆமாங்க" என்றேன். மூன்றாவது கல்லை என்ன செய்ய என்று கேட்டார். இருக்கட்டும், பிறகு சொல்கிறேன் என்றேன்.

நந்தினியும் ஆசைப்பட்டு நுண்ணோக்கியில் பார்த்தாள். அதற்குள் நான் துணிப்பையை மடிக்க ஆரம்பித்திருந்தேன். வழியில் கணவரை அழைத்து, பாப்பாவுக்குச் சளி குறைந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

வந்தது வந்தோம் என்று நந்தினி என்னை அரண்மனைக்கு இழுத்துப் போனாள். கூட்டம் கூரையைப் பார்த்தது. நான் தூண்களைப் பார்த்தேன். ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பக்கம் பூமிக்குள் சுவர் சுவராக ஏறிவந்து உறைந்த அழகான கற்களை இங்கே அலங்காரத்துக்கு எடுத்தார்கள் என்று வகுப்பில் படித்திருக்கிறேன். அதைத் தேடவும் மனமில்லை. எங்களுக்குப் பின்னால் வந்த ஒரு தாத்தா, இவ்வளவு பெரிய வீட்டைப் பெருக்குவது யார் என்று மனைவியிடம் கன்னடத்தில் கேட்க, கல்யாணமாகி நாற்பது வருடத்தில் இப்போதுதான் அந்தக் கேள்வி வந்ததா என்று அவர் திருப்பிக் கேட்டார். நந்தினி என்னிடம் மொழிபெயர்ப்பு கேட்டுச் சிரித்தாள். நான் சிரித்ததாகக் காட்டிக்கொண்டேன்.

மாலை நான்கு மணிக்கு தேவராஜ மொஹல்லாவில் பூக்கடைகளையும் குங்குமக் குவியல்களையும் தாண்டி, ஒரு இனிப்புக் கடை வாசலில் நின்றோம். இனியா என் தோளில் தூங்கிவிட்டாள். நந்தினி மைசூர்பாக் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, இன்னொன்றை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள்.

"அண்ணி, உங்க கல்லுல பாத்தனே, இதே மஞ்சளுங்க. அது என்னதுங்க?"

"அது ஃபெல்ஸ்பார். எல்லாப் பாறையிலயும் இருக்கும்."

"எப்பவும் அப்படித்தான் மஞ்சளா இருக்குமுங்களா?"

"இல்ல நந்தினி, அதுவும் குவார்ட்ஸ் மாதிரிதான். ரெண்டும் ஏறக்குறைய ஒரே நிறம். சரியா தேய்ச்சா சாம்பலாத்தான்…"

அங்கேயே நிறுத்திவிட்டேன். ஃபெல்ஸ்பாரும் குவார்ட்ஸும் சேர்ந்தே சாம்பலாக வேண்டும். ஒன்று சாம்பலில் நிற்கும்போது மற்றொன்று மஞ்சளில் நிற்க முடியாது. தகடு இன்னும் கனமாக இருக்கிறது. அதனால்தான் கறுப்புக் கனிமங்களும் அடைத்துக்கொண்டு நின்றன. அந்தக் கனத்திலும் வெள்ளையாக மட்டுமே தெரியும் அளவுக்கு நிறம் குறைந்த ஒன்று அங்கே இருக்கிறது. அது குவார்ட்ஸ் இல்லை. ரேவதி தன் தராசு என்று நினைத்து அதைப் பார்த்து, அது வெள்ளையானதும் தேய்ப்பதை நிறுத்திவிட்டார். குவார்ட்ஸ் நிறைந்த கிரானைட்டும் நைஸ் பாறையும் தேய்த்த கைக்கு வரும் தவறு. குவார்ட்ஸ் இல்லாத கல்லில் தராசும் இல்லை.

"அண்ணி, உங்களுக்கு ஒண்ணு வாங்கட்டுமுங்களா?" என்றாள் நந்தினி.

"ஆட்டோ பிடி" என்றேன்.

ஆட்டோவில் மூன்று முறை ஒத்திகை பார்த்தேன். தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று தொடங்குவதா, ஒரு சந்தேகம் என்று தொடங்குவதா. இதற்கிடையில் ஒரு மாடு குறுக்கே படுத்துக்கொண்டு பத்து நிமிடம் எழுந்திருக்கவில்லை. அதற்குள் என் முடிவு தவறோ என்று இரண்டு தடவை தோன்றியது. திரும்பிவிடலாமா என்று கேட்டேன். நந்தினி என் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு, "மாடு எந்திரிச்சா போலாம், இல்லீனா எறங்கி நடக்கலாமுங்க. திரும்பறது கெடையாது" என்றாள்.

ரேவதி வாசலில் கோலப்பொடி டப்பாவோடு நின்றார். மறுநாள் வெள்ளிக்கிழமை. ஒத்திகை எல்லாம் மறந்துபோய், "நீங்க தேய்ச்சது ரெண்டு மடங்கு கனமா இருக்குங்க" என்று சொல்லிவிட்டேன்.

அவர் டப்பாவைக் கீழே வைத்தார். "நான் எத்தனை ஆயிரம் தகடு தேய்ச்சிருக்கேன் தெரியுமா மேடம்? இதுவரை ஒருத்தர் கனம்னு சொன்னதில்ல."

"அந்தக் கல்லுல எல்லாம் குவார்ட்ஸ் இருந்துச்சு. இதுல இல்ல."

"நீங்களே காலைல ஆமான்னீங்க."

"அது என் தப்பு" என்றேன். சொன்னதும் உள்ளுக்குள் ஏதோ இலேசாயிற்று. தவறு என்னுடையது என்று நான் சொல்வது புதிதல்ல. இந்தத் தடவை அது உண்மையாகவும் இருந்தது.

ரேவதி கொட்டகைக்குப் போய் விளக்கைப் போட்டார். தகட்டை வைத்து மஞ்சள் ஃபெல்ஸ்பாரை வெகுநேரம் பார்த்தார். பிறகு, "சரி. குவார்ட்ஸ் இல்லன்னா நான் எதைப் பாத்து நிறுத்தறது? ஒரு சுத்து கூடத் தேய்ச்சா கல்லே இருக்காது. கண்ணாடிதான் மிச்சம்" என்றார்.

அது நியாயமான கேள்வி. பதிலும் என்னிடம் இருந்தது. எங்கோ படித்தது, செய்து பார்த்ததில்லை. தெரிந்த குவார்ட்ஸ் உள்ள ஒரு துணுக்கை அதே தகட்டில் பக்கத்திலேயே ஒட்டித் தேய்த்தால், அது வெள்ளையாகும்போது இரண்டுமே சரியான கனத்தில் இருக்கும்.

"தராசைப் பக்கத்து வீட்லருந்து கடன் வாங்கறதா?" ரேவதி முதல் முறையாகச் சிரித்தார். சமையலறைக்குப் போய், பூனை திறக்காமலிருக்கத் தோசை மாவுப் பாத்திரத்தின் மூடிமேல் பாரமாக வைத்திருந்த கல்லை எடுத்துவந்தார். எப்போதோ ஒரு மாணவர் விட்டுப்போன சாமுண்டி மலை கிரானைட், ரோஜா நிறம். கண்ணால் பார்த்தாலே குவார்ட்ஸ் தெரியும். "மாவுக்கு வேற கல்லு வெச்சுக்கறேன். காலைல பத்து மணிக்கு வாங்க."

நான்காம் நாள் பத்து மணிக்குப் போனபோது பசை இறுகியிருந்தது. இடப்பக்கம் என் மூன்றாவது கல், வலப்பக்கம் சாமுண்டி மலை. ரேவதி தேய்த்தார், கழுவினார், பார்த்தார். மஞ்சள் என்றார். மறுபடி தேய்த்தார். வெளிர் மஞ்சள். இனியா அடுத்த அறையில் அழுதாள். பசி அழுகையா, தூக்க அழுகையா என்று கேட்டுப் பிரித்துவிட்டு, எழுந்திருக்கவில்லை. தூக்க அழுகைதான். நந்தினி போதும்.

கடைசிச் சுற்றுகளை ரேவதி இயந்திரத்தில் தேய்க்கவில்லை. கண்ணாடிப் பலகையில் மிக நுண்ணிய பொடியைத் தூவி, இரண்டு விரலால் எட்டு வடிவத்தில் சுழற்றினார். கழுவினார். பார்த்துவிட்டு எழுந்து நாற்காலியை எனக்கு விட்டார்.

வலப்பக்கம் சாமுண்டி மலையின் குவார்ட்ஸ், சாம்பல் கலந்த வெள்ளை. இடப்பக்கம் என் ஃபெல்ஸ்பாரும் சாம்பலுக்கு வந்திருந்தது. அதற்கு நடுவில், நேற்று வெள்ளையாக மினுக்கிய அதே வகை மணிகள், இப்போது மழைமேகம்போல இருண்ட சாம்பலில். அடைத்துக்கொண்டிருந்த கறுப்புக் கனிமங்கள் பச்சையும் பழுப்புமாகத் திறந்துகொண்டிருந்தன. மற்ற ஒளிச் சோதனைகளையும் ஒவ்வொன்றாகச் செய்தேன், வழக்கம்போல ஒவ்வொன்றையும் இரண்டு முறை. எல்லாம் ஒரே பதிலைச் சொன்னது.

"நெஃபலின்" என்றேன்.

"ஹௌதா, அப்படியா?" ரேவதி மறுபடி குனிந்து பார்த்தார். "இத்தனை வருஷத்துல இவரை நான் பாத்ததே இல்ல. பழைய ரெண்டு தகட்டையும் கொடுங்க, அதையும் இதே மாதிரி தேய்ச்சு இறக்கித் தர்றேன்."

மதியச் சாப்பாடு அவர் வீட்டிலேயே. புளியோகரை, அப்பளம், இனியாவுக்கு நஞ்சனகூடு வாழைப்பழம். தண்ணீர் கொதிக்கவைத்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்க மறந்துவிட்டேன் என்பது பஸ் நிலையத்தில்தான் நினைவுக்கு வந்தது.

பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, நுண்ணோக்கியில் கைபேசியை வைத்து எடுத்த படத்தைச் சாருக்கு அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் அழைத்தார்.

"என்னம்மா இது? வலது பக்கம் பூரா குவார்ட்ஸா இருக்கே. நெஃபலின் பாறையில குவார்ட்ஸா? அப்ப அத்தியாயம் போச்சே."

"அது சாமுண்டி மலைக் கல்லு சார். கனம் தெரியறதுக்காக நாங்களே பக்கத்துல ஒட்டினது. இடது பக்கம் பாருங்க."

பஸ் நிலைய இரைச்சலுக்கு நடுவே அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் நேரம் நீளமாக இருந்தது.

"இருட்டா இருக்கே, அதா?"

"அதுதான் சார்."

"நிச்சயமா?"

"நிச்சயமா சார்."

பிறகு அவர் குரல் மாறியிருந்தது. "நல்லாருக்கும்மா. புதன்கிழமைக்கு இந்தப் படமே போதும். ஒண்ணு மட்டும் பண்ணிரு. அந்த வலது பக்கத்தை வெட்டிட்டு அனுப்பு. கமிட்டில என்னை மாதிரியே எல்லாரும் பதறுவாங்க."

"வெட்டமாட்டேன் சார்" என்றேன். "அது இருந்தாத்தான் இது நெஃபலின்னு தெரியும். பதறட்டும். நான் சொல்லிக்கறேன்."

அவர் சிரித்தது கேட்டது. சரிம்மா, அப்படியே வை என்றார். நடைமேடையில் எங்கள் பஸ் திரும்பியது. நந்தினி இனியாவை இடுப்பில் ஏற்றிக்கொண்டு இடம்பிடிக்க ஓடினாள். நான் தகட்டுப் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன்.